ஃபாயில் போர்டுக்கு எந்த போல்ட்? 304, 316, அப்புறம் கடைக்காரர் சொல்ற 'நல்ல எஸ்.எஸ்.'

விங் ஃபாயில் எபிசோடு வந்ததுக்கு அப்புறம் நிறைய வாய்ஸ் மெசேஜ் வந்தது. எந்த போர்டு வாங்கலாம், எத்தனை லிட்டர் வேணும், விங் எந்த சைஸ்னு பெரும்பாலும் பெரிய பெரிய கேள்விகள். நடுவுல ஒரே ஒருத்தர் சின்னதா ஒண்ணு கேட்டிருந்தார். "மாஸ்ட் போல்ட் ஒண்ணு மணல்ல விழுந்து தொலைஞ்சுபோச்சு. பக்கத்து ஹார்டுவேர் கடையில எஸ்.எஸ். போல்ட் வாங்கிப் போட்டேன். ரெண்டு வாரத்துல தலை பழுப்பாயிடுச்சு. ஓட்டலாமா, வேண்டாமா?"

வந்ததுலயே நல்ல கேள்வி இதுதான்னு எனக்குத் தோணுச்சு. லட்சத்துக்கு மேல விலை போற ஒரு செட்டை, கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, உங்க காலடியில பிடிச்சு வெச்சிருக்கிறது நாலு போல்ட். அது விட்டுப்போச்சுன்னா பொருள் நஷ்டம் மட்டும் இல்ல. ஃபாயில் இல்லாத ஒரு குட்டி போர்டு மேல படுத்து, கையால துடுப்புப் போட்டுக்கிட்டே காத்துக்கு எதிரா திரும்பி வரணும். அதனால இன்னைக்கு முழுக்க போல்ட்.

ஃபாயில் பார்க்காதவங்களுக்கு ரெண்டே வரி. போர்டுக்கு அடியில ஒரு கம்பம் தொங்கும், அது மாஸ்ட். அதோட அடியில விமானம் மாதிரி ஒரு உடல், முன்னால ஒரு இறக்கை, பின்னால ஒரு குட்டி இறக்கை. வேகம் எடுத்ததும் முன் இறக்கை தண்ணியில மேல தூக்கும், போர்டு கடலை விட்டு மேல வந்துடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல விண்ட்சர்ஃபிங், கைட் ரெண்டுமே ஃபாயில்லதான் நடந்தது. நம்ம பக்கம் கோவளம், மாமல்லபுரம், ராமேஸ்வரம்னு ஓட்டுறவங்க இருக்காங்க. ஆனா இதுக்குன்னு தனி ஸ்பேர் பார்ட்ஸ் கடை தெருவுக்குத் தெரு கிடையாது. அதனாலதான் இந்தக் கேள்வி நமக்கு முக்கியம்.

போல்ட் ஏன் உடையுது?

பெரும்பாலான போர்டுகள்ல இப்ப அடியில ரெண்டு ட்ராக் இருக்கும். லாங்போர்டு சர்ஃப்ல ஃபின் மாட்டுற பெட்டியிலிருந்து வந்த ஏற்பாடு அது. ரெண்டு ட்ராக்குக்கும் நடுவுல 90 மி.மீ. மாஸ்ட்டோட தலையில ஒரு ப்ளேட், அதுல நாலு ஓட்டை, நாலு எம்8 போல்ட். போல்ட் போய் ட்ராக்குக்குள்ள நகர்ற ஒரு நட்டுல பிடிக்கும். கீழே இறக்கைகளைப் பிடிக்கிற போல்ட்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எம்6, எம்8 அதிகம். எம்5-ஐயும் பார்க்கலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மாஸ்ட் நீளம் 85 செ.மீ. திரும்பும்போது அதோட அடியில பக்கவாட்டா 30 கிலோ எடைக்குச் சமமா ஒரு தள்ளு விழுதுன்னு வெச்சுக்கங்க. இது கடப்பாரைக் கணக்குதான். ஒரு பக்கம் 85 செ.மீ. கை, இன்னொரு பக்கம் ட்ராக்குக்கு நடுவுல இருக்கிற 9 செ.மீ. கிட்டத்தட்ட ஒன்பதரை மடங்கு. 30 கிலோ அங்க போய் 280 கிலோ இழுப்பா மாறுது. அந்தப் பக்கம் ரெண்டு போல்ட் இருக்கு, ஆளுக்கு 140 கிலோ.

பயமா இருக்கா? வேண்டாம். ஒழுங்கான ஒரு எம்8 ஸ்டெயின்லெஸ் போல்ட், நான் சொல்றது 70 கிளாஸ், நிரந்தரமா நீள ஆரம்பிக்கிறதுக்கே 1,600 கிலோவுக்கு மேல இழுக்கணும். அதாவது பத்து மடங்குக்கு மேல கையிருப்பு இருக்கு. குதிச்சு இறங்குறது, பம்ப் பண்றது, மணல்ல முட்டுறதுன்னு எல்லாம் சேர்ந்தா பாரம் பல மடங்கு ஏறும், அது உண்மை. அப்பவும் புது போல்ட் ஒண்ணு வெறும் பலம் பத்தாம அறுந்துபோறது அபூர்வம்.

அப்படின்னா உடையுற போல்ட்லாம் ஏன் உடையுது? ஒண்ணு, லூசா இருந்தது. இறுக்கமா இருக்கிற போல்ட்டுக்கு வர்ற பாரத்துல பெரும்பகுதியை, ஒண்ணோடொண்ணு அழுந்தியிருக்கிற ப்ளேட்டும் போர்டுமே தாங்கிடும். லூசான போல்ட் ஒவ்வொரு அலைக்கும் முழு ஆட்டத்தையும் தானே வாங்குது. கம்பியை முன்னும் பின்னுமா வளைச்சு உடைக்கிறோமே, அதே கதை. இன்னொண்ணு, உள்ளுக்குள்ள அரிச்சுப்போயிருந்தது. நம்ம கடல்ல இந்த ரெண்டாவதுதான் ஆபத்து, ஏன்னா அது வெளியில தெரியாது.

இதனால இன்னொரு விஷயமும் புரியும். "அண்ணே, ஹை டென்சைல் இருக்கு, 12.9, இதை எடுத்துட்டுப் போங்க, யானை இழுத்தாலும் வராது"ன்னு கறுப்பு போல்ட்டைக் கையில கொடுப்பாங்க. மெஷின் ஷாப்புக்கு அது அருமையான போல்ட். கடலுக்கு வேண்டாம். நமக்குப் பலத்துல குறையே இல்ல, உப்புலதான் குறை. அந்தக் கறுப்பு போல்ட் நனைஞ்ச மறுநாளே சிவக்க ஆரம்பிச்சுடும்.

எவர்சில்வர்னா எல்லாம் ஒண்ணு இல்ல

நம்ம வீட்டுல எவர்சில்வர்னு சொல்றோம். பேரே 'எப்பவும் வெள்ளி'. அந்த நம்பிக்கையிலதான் எஸ்.எஸ்.னா துரு பிடிக்காதுன்னு நினைச்சுட்டோம். உண்மையில அது இரும்புதான், குரோமியம் கலந்த இரும்பு. காத்துல இருக்கிற ஆக்சிஜனோட குரோமியம் சேர்ந்து மேல ஒரு மெல்லிய படலம் போட்டுக்குது. சில நானோமீட்டர் கனம்தான். கீறினாலும் ஆக்சிஜன் கிடைச்சா திரும்ப வளரும். அந்தப் படலம்தான் மொத்த ரகசியமும்.

கடல் தண்ணி ரெண்டு வேலை பண்ணும். உப்புல இருக்கிற குளோரைடு அந்தப் படலத்துல ஊசி முனை அளவுக்கு ஓட்டை போடும். போல்ட் தலைக்கு அடியில, மரைக்குள்ள தேங்கி நிக்கிற தண்ணியில ஆக்சிஜன் தீர்ந்துபோகும், அதனால ஓட்டை ஆறாது. உள்ள குளோரைடும் அமிலமும் சேர்ந்துக்கிட்டே போய் குழி ஆழமாகும். வெளியில தலை பளபளன்னு இருக்கும், கழுத்து பாதி தின்னுபோயிருக்கும். தண்ணி சூடா இருந்தா இது இன்னும் சுலபமா ஆரம்பிக்கும். ஐரோப்பாக்காரர் ஒருத்தர் "நான் 304 போட்டு மூணு வருஷமா ஓட்டுறேன்"னு வீடியோல சொன்னா, அவர் கடலும் சென்னைக் கடலும் வேறன்னு ஞாபகம் வெச்சுக்கங்க.

இப்ப நம்பர்களுக்கு வருவோம். 304-ல ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். போல்ட் உலகத்துல இதுக்குப் பேர் ஏ2. 316-ல நிக்கல் கொஞ்சம் கூட, அதோட 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். இதுக்குப் பேர் ஏ4. அந்த மாலிப்டினம்தான் குளோரைடை எதிர்த்து நிக்கிறது. குழி விழுறதை எவ்வளவு தாங்கும்னு மதிப்பிட எஞ்சினியர்கள் ஒரு எண் வெச்சிருக்காங்க. குரோமியம் சதவீதத்தோட, மாலிப்டினத்தை 3.3-ஆல பெருக்கி, நைட்ரஜனை 16-ஆல பெருக்கிக் கூட்டணும். 304-க்கு 18, 20 வரும். 316-க்கு 24, 26 வரும். கடல் தண்ணியிலேயே நிரந்தரமா முங்கிக் கிடக்கிற பொருளுக்கு 40 பக்கம் எதிர்பார்ப்பாங்க. ஆக, 316-உம் அமிர்தம் குடிச்ச போல்ட் கிடையாது. ஆனா நம்ம ஃபாயில் கடலிலேயே குடியிருக்கறதில்ல. ரெண்டு மணி நேரம் ஓட்டி, நல்ல தண்ணியில கழுவி வைக்கிறோம். அதுக்கு 316 போதும், 304 இடறும்.

மூணாவது ஆள் ஒருத்தர் இருக்கார். 202. நிக்கல் விலை அதிகம்கிறதால அதைக் குறைச்சு, மாங்கனீஸைக் கூட்டிச் செய்றது. பார்க்க அதே பளபளப்பு. நம்ம ஊர்ல பாத்திரம், கிரில், கைப்பிடின்னு நிறைய இடத்துல இருக்கிறது இதுதான். கடையில வெறுமனே "எஸ்.எஸ்."னு கேட்டா இது வரவும் வாய்ப்பு உண்டு. கடைக்காரர் ஏமாத்துறார்னு அர்த்தம் இல்ல. அவர்கிட்ட வர்ற பத்துப் பேர்ல ஒன்பது பேருக்கு அது போதும்.

என் நண்பர் ஒருத்தர் ஆன்லைன்ல '316 மரைன் கிரேடு'ன்னு போட்டிருந்த ஒரு பாக்கெட் வாங்கினார். மூணு மாசம் கழிச்சு, கரையிலிருந்து நல்ல தூரத்துல, ஃபாயில்ல ஒரு அதிர்வு. உட்கார்ந்து அடியில தடவிப் பார்த்தா முன் இறக்கையில ஒரு போல்ட்டுக்குத் தலையே இல்ல. இன்னொண்ணு மட்டும் பிடிச்சுக்கிட்டு இருந்தது. மெதுவா, ஃபாயில் மேல ஏறாம, இழுத்துக்கிட்டே வந்து சேர்ந்தார். மிச்ச போல்ட்களை ஒரு டெஸ்டிங் லேப்ல கொடுத்தோம். எக்ஸ்ரே துப்பாக்கி மாதிரி ஒரு கருவி, போல்ட் மேல வெச்சு சில நொடியில என்னென்ன உலோகம்னு சொல்லிடும். மாலிப்டினம் இல்லவே இல்ல, மாங்கனீஸ் எக்கச்சக்கம். பாக்கெட்ல அச்சடிச்சது மட்டும்தான் 316.

காந்தம் வெச்சுப் பார்த்தா போதாதான்னு கேப்பீங்க. போதாது. 202-லயும் காந்தம் சரியா ஒட்டாது, அதனால போலி தப்பிச்சுடும். இன்னொரு பக்கம், நல்ல 316 போல்ட்டையே குளிர்நிலையில அடிச்சு உருவாக்கும்போது லேசா காந்தம் பிடிக்கும், அதனால நல்லது மாட்டிக்கும். சொட்டு மருந்து மாதிரி ஒரு டெஸ்ட் கிட், கூட ஒரு பேட்டரி வெச்சு விப்பாங்க. மாங்கனீஸ் இருக்கா, மாலிப்டினம் இருக்கான்னு நிறம் மாறிக் காட்டும். ரெண்டுக்கும் தனித்தனி திரவம். வாங்குறப்ப மாலிப்டினத்துக்கானதைக் கேட்டு வாங்குங்க.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி

சென்னையில போல்ட்டுன்னா பாரிமுனைதான். லிங்கிச் செட்டித் தெரு, செம்புதாஸ் தெரு பக்கம் நடந்தாலே போதும். இல்லன்னா கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகள் பக்கம் இருக்கிற ஃபாஸ்ட்னர் டீலர்கள். ஆனா போறதுக்கு முன்னாடி கையில பழைய போல்ட் ஒண்ணும், ஒரு வெர்னியரும் இருக்கணும்.

ஏன்னா முதல் பொறி அளவுல இருக்கு. நம்ம ஹார்டுவேர் கடையில இன்னும் 'நூல்' கணக்கு உண்டு. எட்டு நூல் ஒரு இன்ச். "எம்8-ஆ? இரண்டரை நூல் போடுங்க, அதேதான்"னு சொல்லுவாங்க. இரண்டரை நூல்னா 5/16 இன்ச், 7.94 மி.மீ. எம்8-க்கும் அதுக்கும் முடி அளவுதான் வித்தியாசம். ஆனா மரை வேற. எம்8-ல ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் 1.25 மி.மீ. அந்த இன்ச் போல்ட்ல 1.41. ரெண்டு மூணு சுத்து சமத்தா உள்ள போகும். அப்புறம் இறுகும். 'நல்லா டைட்டாயிடுச்சு'ன்னு நினைச்சுடுவோம். உண்மையில அது நட்டோட மரையைத் தின்னுக்கிட்டு இருக்கு. கையாலேயே கடைசி வரைக்கும் சுத்த முடியலன்னா அது உங்க போல்ட் இல்ல.

ரெண்டாவது, நீளத்தை எங்கிருந்து அளக்கிறது? தலை வெளியில நிக்கிற பட்டன் ஹெட், ஆலன் கேப் ரெண்டுக்கும் தலைக்கு அடியிலிருந்து. தட்டையா உள்ள அமுங்குற தலைக்கு, கடையில சி.எஸ்.கே.ன்னு சொல்லுவாங்க, தலையையும் சேர்த்து முழு நீளம். இதைக் குழப்பிக்கிட்டா நாலஞ்சு மி.மீ. மாறிப்போகும். அந்த நாலஞ்சு மி.மீ. சாதாரணம் இல்ல. குட்டையா இருந்தா நட்டுல ரெண்டு மரைதான் பிடிக்கும். நீளமா இருந்தா ட்ராக்கோட அடித்தளத்தைப் போய்க் குத்தும். அது விரிசல் விட்டா போர்டுக்குள்ள இருக்கிற ஃபோம் தண்ணி குடிக்கும். போல்ட்டுக்கு ஆன செலவு எங்க, அந்த ரிப்பேர் எங்க.

சும்மா ஒரு உதாரணம். ப்ளேட் 8 மி.மீ., வாஷர் 2, ட்ராக்கோட உதடு 4. மொத்தம் 14. நட்டுக்குள்ள குறைஞ்சது போல்ட்டோட விட்டம் அளவுக்காவது, அதாவது 8 மி.மீ. மரை பிடிக்கணும். 22. அலுமினியத்துல நேரா பிடிக்கிற இடமா இருந்தா ஒன்றரை மடங்கு, 12 வேணும். கடையில கிடைக்கிறது 20, 25, 30. அப்ப 25. நட்டுக்குக் கீழே 3 மி.மீ. நீட்டும். அதுக்கு ட்ராக்ல இடம் இருக்கான்னு ஒரு குச்சியை விட்டு அளந்து பார்த்துக்கங்க.

சி.எஸ்.கே. தலையோட கோணத்தையும் பார்க்கணும். மெட்ரிக்ல 90 டிகிரி, அமெரிக்க இன்ச் வகையில 82. மாத்திப் போட்டா தலை முழுசா உட்காராது, ஓரத்துல ஒரு வளையமா மட்டும் தொட்டுக்கிட்டு நிக்கும். கார்பன் இறக்கையில அந்த ஓரமே ஆப்பு மாதிரி இறங்கும்.

தலையில சாவி போடுற குழி பத்தியும் சொல்லிடறேன். எம்8 ஆலன் கேப்புக்கு 6 மி.மீ. சாவி. அதே எம்8, சி.எஸ்.கே. இல்ல பட்டன் ஹெட்டா இருந்தா 5 மி.மீ.தான். சின்னக் குழி, சீக்கிரம் உருண்டு போகும். அதனாலதான் ஃபாயில் கம்பெனிகள் பல ஆறு முனை நட்சத்திரம் மாதிரி இருக்கிற டார்க்ஸுக்குப் போயிட்டாங்க. எம்6-க்கு பெரும்பாலும் டி30, எம்8-க்கு டி40. பிடிப்பு நல்லா இருக்கும். ஆனா 316-ல டார்க்ஸ் தலை கவுண்டர்ல கேட்டதும் கிடைக்கிற பொருள் இல்ல, ஆலன் கிடைக்கும். என் அபிப்பிராயம்: மாஸ்ட் போல்ட்டுக்கு 316 ஆலன் தாராளமா போடலாம். இறக்கைப் போல்ட்களுக்குத் தலையோட வடிவம் தனியா இருந்தா பேசாம அந்தக் கம்பெனி ஸ்பேரையே வரவழைச்சிடுங்க. விலை கடிக்கும், ஆனா அங்க சோதனை பண்ண வேண்டாம்.

கவுண்டர்ல "எஸ்.எஸ். போல்ட் இருக்கா"ன்னு கேக்காதீங்க. "எம்8, 25 நீளம், சி.எஸ்.கே. ஆலன், 316, ஏ4"ன்னு முழுசா சொல்லுங்க. "தம்பி, 304-ஏ துரு பிடிக்காது"ன்னு பதில் வரும். சிரிச்சுட்டு 316-லயே நில்லுங்க. தட்டுல கொட்டி வெச்சிருக்கிற உதிரியிலிருந்து எடுக்காதீங்க, எந்தப் பெட்டியில இருந்து எது விழுந்ததுன்னு யாருக்கும் தெரியாது. பெட்டியைக் காட்டச் சொல்லுங்க. லேபிள்ல ஏ4-70 இல்ல ஏ4-80ன்னு இருக்கணும். அந்த 70, 80-ஐப் பத்தால பெருக்கினா அறுந்துபோற பலம், மெகாபாஸ்கல்ல. ஆலன் கேப், ஹெக்ஸ் தலைகள்ல இதைத் தலையிலேயே பொறிச்சிருப்பாங்க. சி.எஸ்.கே., பட்டன் ஹெட்ல பல சமயம் இருக்காது, அதை வெச்சு மட்டும் போலின்னு முடிவு பண்ணாதீங்க. டீலர்கிட்ட பெட்டியா வாங்கினா டெஸ்ட் சர்டிபிகேட் கேக்கலாம். 3.1 சர்டிபிகேட்னு சொன்னா புரிஞ்சுக்குவாங்க. அதுல ஹீட் நம்பரும், மாலிப்டினம் சதவீதமும் இருக்கும். நூறு போல்ட் ஒருத்தருக்கு எதுக்கு? பீச்ல கூட ஓட்டுற பத்துப் பேர் சேர்ந்து வாங்குங்க, ரெண்டு போல்ட்டை லேப்ல காட்டுங்க. தலைக்கு ஆகுற செலவு ஒண்ணுமே இல்ல.

டைட்டானியம் பத்தியும் கேப்பீங்க. கடல் தண்ணி அதை ஒண்ணும் பண்ணாது, கார்பனோடயும் ஒத்துப்போகும். காசு இருந்தா போடுங்க. ஆனா அதுவும் மரையில சிக்கிக்கிற சுபாவம் உள்ளதுதான்.

சிக்கிக்கிற கதை

ஸ்டெயின்லெஸ் நட்டுல ஸ்டெயின்லெஸ் போல்ட்டை வேகமா முறுக்கினா, படலம் உராய்ஞ்சு போய் உலோகமும் உலோகமும் ஒட்டிக்கும். வெல்டிங் வெச்ச மாதிரி. அப்புறம் அறுத்துத்தான் எடுக்கணும். டிரில் மெஷின்ல பிட் மாட்டி முறுக்குற பழக்கம் இருந்தா இங்க வேண்டாம், கைச்சாவிதான். ட்ராக் நட் பித்தளையா இருந்தா இந்தப் பிரச்சினை ரொம்பக் குறைவு.

அலுமினிய மாஸ்ட், அலுமினிய உடல் வெச்சிருக்கிறவங்களுக்கு வேற தலைவலி. உப்புத் தண்ணியில ரெண்டு வேற உலோகம் தொட்டுக்கிட்டா அது ஒரு பேட்டரி. ஸ்டெயின்லெஸ் பிழைச்சுக்கும், அலுமினியம் கரையும். கரைஞ்சது வெள்ளைப் பொடியா மரைக்குள்ள உப்பி, போல்ட்டை இறுக்கிப் பூட்டிடும். கார்பன் இறக்கை அலுமினியத்தைத் தொட்டாலும் இதே கதை, இன்னும் மோசமா. இதுக்கு மரையிலயும் தலைக்கு அடியிலயும் டெஃப்-ஜெல் மாதிரி படகுக்காரங்க பயன்படுத்துற பசை தடவணும். தண்ணியை உள்ள விடாம, உலோகங்களையும் பிரிச்சு வைக்கும். சாதாரண கிரீஸ் சீக்கிரம் கழுவிட்டுப் போயிடும், ஆனா ஒண்ணுமில்லாததுக்கு அது மேல்.

ஓட்டி முடிச்சதும் கழட்டுங்க. தினமும் முடியலன்னா வாரம் ஒருதடவையாவது. நல்ல தண்ணியில கழுவி, காய வெச்சு, பசை தடவி மாட்டுங்க. ஈரக் கவருக்குள்ள ஃபாயிலைச் சுருட்டி கார் டிக்கியில ஒரு வாரம் விட்டீங்கன்னா, கடல்ல ஓட்டினதை விட அதுதான் அதிகமா அரிக்கும். சாவி போடுறதுக்கு முன்னாடி தலைக் குழியில இருக்கிற மணலை ஒரு சேஃப்டி பின்னால தோண்டி எடுங்க. மணலோட சாவி போட்டா பாதிதான் இறங்கும், தலை உருண்டுடும்.

இப்ப அந்த நேயரோட கேள்விக்கு. தலையில மட்டும் டீக் கறை மாதிரி மேலோட்டமா பழுப்பு இருந்தா பயப்படாதீங்க, 316-லயும் அது வரும். நைலான் பிரஷ், கொஞ்சம் சிட்ரிக் ஆசிட் போட்டுத் தேய்ச்சா போயிடும். ஸ்டீல் நார் வேண்டாம், அது இரும்புத் துகளை விட்டுட்டுப் போய் புதுசா துருவைக் கொண்டுவரும். ஆனா நீங்க தலையை மட்டும்தான் பார்த்திருக்கீங்க. கழட்டி, தலைக்கு அடியிலயும் கழுத்துலயும் நகத்தை ஓட்டிப் பாருங்க. ஊசி குத்தின மாதிரி குழி தட்டுப்பட்டா, எந்த கிரேடா இருந்தாலும் குப்பையில போடுங்க. உங்க விஷயத்துல எந்த கிரேடுன்னே தெரியாது, ரெண்டே வாரத்துல பழுப்பும் ஆயிடுச்சு. அதனால குழி இல்லன்னாலும் நான் அதை வெச்சு ஓட்ட மாட்டேன். மிச்ச மூணையும் சேர்த்து நாலையும் மாத்துங்க. கூடவே ரெண்டு ஸ்பேர் போல்ட், ஒரு நட், ஒரு சாவி, ஒரு சின்ன டப்பாவுல போட்டு பேக்ல வைங்க. மணல்ல விழுறது எப்படியும் இன்னொருதடவை விழும்.

அடுத்த எபிசோடுல லீஷ் பத்திப் பேசலாம். இடுப்புல கட்டுறதா, கால்லயான்னு நிறைய சண்டை வந்திருக்கு. கேள்விகளை வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க.